வளர்த்த வீட்டை விட்டுப் போகலாமா? ரான் பராசியின் கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வேலையை ரிசைன் பண்ணின எல்லாருமே ஒரு வசனத்தைக் கேட்டிருப்பீங்க. "ஃப்ரெஷரா வந்த உனக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தோம். நாம ஒரு குடும்பம் மாதிரி. இப்படி விட்டுட்டுப் போறியே?" கேக்கும்போது சிரிப்பு வரும், உள்ளுக்குள்ள கொஞ்சம் குத்தவும் செய்யும்.

பெரும்பாலான கம்பெனில அந்த "குடும்பம்" வெறும் பேச்சு. ஆனா அது நிஜமா இருந்தா? உங்க அப்பா வேலை பார்த்த இடம், அப்பா இறந்தப்புறம் உங்களுக்காக விதியையே மாத்த வெச்ச இடம், அங்க இருக்கிற பாஸ் உங்களைத் தன் வீட்டுலயே தங்க வெச்சு வளர்த்திருக்கார். இப்போ போட்டிக் கம்பெனி வந்து, "எங்க டீமுக்கு நீங்கதான் தலைவர், வாங்க"ன்னு கூப்பிடுது. போவீங்களா?

ஆஸ்திரேலியாவுல ஒரு ஃபுட்பால் வீரருக்கு 1964-ல இந்தக் கேள்வி வந்துச்சு. அவர் பேர் ரான் பராசி. அவர் போனார். அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கிறதுதான் இன்னிக்கு எபிசோட்.

முதல்ல ஆட்டத்தைப் புரிஞ்சுக்கலாம்

இது நமக்குத் தெரிஞ்ச கால்பந்து இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். அங்க சுருக்கமா ஃபுட்டின்னு சொல்வாங்க. முட்டை வடிவப் பந்து, ஓவல் மைதானம். கோடை காலத்துல கிரிக்கெட் நடக்கிற அதே கிரவுண்டுலதான் குளிர்காலத்துல இது நடக்கும். மெல்பர்ன் எம்சிஜி ஞாபகம் இருக்கா? 2022 டி20 உலகக் கோப்பையில பாகிஸ்தானுக்கு எதிரா கோலி 82 அடிச்ச இடம். அதுதான் இந்த ஆட்டத்துக்குக் கோயில் மாதிரி.

ஒரு பக்கம் 18 பேர். ரெண்டு முனையிலயும் நாலு நாலு கம்பம். நடு ரெண்டு கம்பத்துக்கு இடையில உதைச்சா கோல், 6 பாயின்ட். பக்கத்துல போனா 1 பாயின்ட், அதுக்குப் பேர் பிஹைண்ட். உதைச்ச பந்தைத் தரையில படாம பிடிச்சா அது மார்க். யாரும் தொந்தரவு பண்ணாம நின்னு நிதானமா உதைக்கலாம். பந்தைத் தூக்கி எறியக் கூடாது. ஒரு கையில வெச்சு இன்னொரு கை முஷ்டியால குத்தித்தான் பாஸ் பண்ணணும். இது ஹேண்ட்பால். இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் காலத்துல லீக் பேர் விஎஃப்எல். விக்டோரியா மாநிலத்துல இருந்த 12 கிளப்புகள். அதுதான் 1990-ல ஏஎஃப்எல் ஆச்சு.

31-ம் நம்பர் சட்டை

பராசி பிறந்தது 1936-ல, விக்டோரியாவுல காசில்மெய்ன்ங்கிற ஊர். அப்பா பேரும் ரான் பராசிதான். அப்பா மெல்பர்ன் கிளப்புக்கு ஆடினவர். 1940-ல அந்த கிளப் கோப்பை ஜெயிச்ச அணியில இருந்தவர். அடுத்த வருஷம், 1941 ஜூலையில, லிபியாவுல டோப்ருக் போர்முனையில இறந்துட்டார். பையனுக்கு அப்போ 5 வயசு.

அப்பாவோட அதே அணியில ஆடின இன்னொருத்தர் நார்ம் ஸ்மித். பின்னாடி 1952-ல அவர்தான் மெல்பர்ன் கோச் ஆனார். பையன் வளர்ந்து ஆடற வயசு வந்தப்போ ஒரு சிக்கல். அப்போ எந்த ஏரியாவுல குடியிருக்கியோ அந்த ஏரியா கிளப்புக்குத்தான் ஆட முடியும். அந்தக் கணக்குப்படி இவர் வேற கிளப்புக்குப் போயிருக்கணும். மெல்பர்ன் கிளப் லீக் கிட்ட போய் வாதாடுச்சு: அப்பா ஒரு கிளப்புக்கு ஆடியிருந்தா, மகனும் அங்கேயே வர வழி வேணும்னு. இப்படி வந்ததுதான் ஃபாதர்-சன் ரூல். இன்னிக்கும் ஏஎஃப்எல்-ல அது இருக்கு. கேரி ஆப்லெட் ஜூனியர் ஜீலாங்ல ஆடினதும், நிக் டைகோஸ் காலிங்வுட்ல ஆடறதும் அந்த விதியாலதான்.

அம்மா டாஸ்மேனியா போக வேண்டி வந்தப்போ, பையனைத் தன் வீட்டுலயே தங்க வெச்சுக்கிட்டார் நார்ம் ஸ்மித். வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு தனி அறை. கோச்சும் அவரே, கார்டியனும் அவரே. 1953-ல பராசி முதல் மேட்ச் ஆடினார். முதுகுல அப்பா போட்ட அதே 31-ம் நம்பர்.

இல்லாத ஒரு வேலையை உருவாக்கினது

ஆரம்பத்துல அவரை எங்க ஆட வைக்கிறதுன்னே தெரியலை. ஃபுட்டியில ரக்மேன்னு ஒரு இடம் இருக்கு. பந்தை மேல எறிஞ்சதும் எம்பித் தட்டறவர், பனைமரம் மாதிரி உயரமா இருக்கணும். கீழ விழற பந்தைப் பொறுக்கிட்டு ஓடறவர் ரோவர். குள்ளமா, வேகமா இருப்பார். பராசி ரக்மேனுக்கு உயரம் பத்தலை, ரோவருக்கு உடம்பு பெருசு. நார்ம் ஸ்மித் ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரோலையே உருவாக்கினார்: ரக்-ரோவர். மோதவும் வேணும், ஓடவும் வேணும், கிரவுண்டு முழுக்கத் திரியணும். அடுத்த தலைமுறையில எல்லா டீம்லயும் இந்த ரோல் வந்துடுச்சு.

ஜாப் டிஸ்கிரிப்ஷனுக்கு ஆள் தேடாம, கையில இருக்கிற ஆளைப் பார்த்து ஜாப் டிஸ்கிரிப்ஷன் எழுதினார் ஸ்மித். நல்ல மேனேஜருக்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை.

பலன்? 1954-லேர்ந்து 1960 வரைக்கும் ஏழு வருஷம் தொடர்ந்து மெல்பர்ன் கிராண்ட் ஃபைனல் ஆடுச்சு. 1955, 56, 57, 59, 60-ல கோப்பை. 1960-லேர்ந்து பராசி கேப்டன். 1964-ல காலிங்வுட்டை 4 பாயின்ட்ல ஜெயிச்சு ஆறாவது கோப்பை.

1964: அந்த முடிவு

அப்போ அவருக்கு 28 வயசு. இதை கேக்கிற உங்கள்ல நிறைய பேரோட வயசு. ஆறு கோப்பை, கேப்டன் பதவி, எல்லாம் இருக்கு. ஆனா அவருக்குக் கோச் ஆகணும்னு ஆசை. மெல்பர்ன்ல அந்த நாற்காலி யாரோடது? நார்ம் ஸ்மித்தோடது. அது காலியாகணும்னு பராசி ஆசைப்பட முடியுமா? தன்னை வளர்த்தவரோட இடம் அது.

கார்ல்டன் கிளப் கூப்பிட்டுச்சு. பழைய பெருமை நிறைய உள்ள கிளப், ஆனா 1947-க்கு அப்புறம் கோப்பை இல்லை. 1964-ல 12 அணியில 10-ம் இடம். "கேப்டனும் நீங்களே, கோச்சும் நீங்களே." சீசன் முடிஞ்சதும் பராசி கையெழுத்துப் போட்டுட்டார்.

ஊரே கொதிச்சுப் போச்சு. இன்னிக்கு ஐபிஎல்-ல ஏலத்துக்கு ஏலம் வீரர்கள் மாறறதைப் பார்த்துப் பழகிட்ட நமக்கு அந்தக் கோபம் புரியறது கஷ்டம். அப்போ கிளப்ங்கிறது வேலை செய்யற இடம் இல்லை, அடையாளம். அதுவும் இவர் யாரு? அப்பா நம்பரைப் போட்டு ஆடினவர். இவருக்காகத்தான் ஒரு விதியே வந்துச்சு.

இந்த இடத்துல நான் பராசி பக்கம்தான். ஒருத்தர் உங்களை வளர்த்தார்ங்கிறதுக்காக, அவர் எழுந்து போற வரைக்கும் வாசல்லயே காத்திருக்கிறது நன்றி ஆகாது. அப்படிக் காத்திருந்தா ஒரு நாள் அவர் மேல மனக்கசப்புதான் வரும். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு, அதை மறைக்கவும் கூடாது. 1965 நடுவுல மெல்பர்ன் நிர்வாகம் நார்ம் ஸ்மித்தையே வேலையை விட்டுத் தூக்குச்சு. ஊர்ல எழுந்த சத்தத்துல சில நாள்லயே திரும்ப எடுத்துக்கிட்டாங்க, ஆனா பழைய மாதிரி வரலை. 1965-லேர்ந்து 1986 வரைக்கும் மெல்பர்ன் ஒரு தடவை கூட ஃபைனல்ஸ் சுற்றுக்குள்ளயே போகலை. ரசிகர்கள் இதை நார்ம் ஸ்மித் சாபம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சாபத்துல எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே நேரத்துல சிறந்த வீரரையும் நம்பிக்கையையும் இழந்த டீம் அது, அவ்வளவுதான்.

44 பாயின்ட் பின்னாடி

கார்ல்டன்ல 50 மேட்ச் ஆடிட்டு, பராசி கோச்சிங்ல மட்டும் இறங்கினார். 1968-ல எசன்டனை 3 பாயின்ட்ல ஜெயிச்சு 21 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை. ஒரு வேடிக்கை: எசன்டன் 8 கோல், கார்ல்டன் 7 கோல்தான். பிஹைண்டுகளால ஜெயிச்சாங்க. கிராண்ட் ஃபைனல்ல குறைவான கோல் போட்டு ஜெயிச்ச முதல் டீம் அதுதான்.

ஆனா எல்லாரும் பேசறது 1970 கிராண்ட் ஃபைனலைத்தான். எம்சிஜி, எதிர்ல காலிங்வுட். வந்த கூட்டம் 1,21,696 பேர். அந்த ரெக்கார்டை இன்னிக்கு வரைக்கும் தாண்டலை. ஹாஃப் டைம்ல காலிங்வுட் 73, கார்ல்டன் 29. 44 பாயின்ட் வித்தியாசம். நிறைய பேர் முடிஞ்சதுன்னே நினைச்சாங்க.

பராசி டிரெஸ்ஸிங் ரூம்ல ரெண்டு விஷயம் பண்ணினார். முதல் விஷயம்: ஹேண்ட்பால் பண்ணுங்க, நிக்காம ஓடிட்டே இருங்க. அந்தக் காலத்துல ஹேண்ட்பால்ங்கிறது வேற வழியே இல்லாதப்போ பண்றது. பந்து கிடைச்சா நின்னு, பின்னாடி போய், நீளமா உதைக்கிறதுதான் ஒழுங்கான ஆட்டம். பராசி அதைத் தலைகீழாக்கினார். மார்க் பிடிச்சாலும் நிக்காதே, ஓடி வர்றவனுக்குக் குத்திக் கொடு, அவன் ஓடட்டும். காலிங்வுட் தடுப்பாட்டம் மூச்சு வாங்கி வரிசைக்கு வர்றதுக்குள்ள பந்து அந்தப் பக்கம் போயிடும்.

ரெண்டாவது விஷயம்: பெஞ்ச்ல இருந்த டெட் ஹாப்கின்ஸை உள்ளே இறக்கினார். அப்போ ரெண்டே ரெண்டு மாற்று வீரர்கள். வெளிய போனவர் திரும்ப வர முடியாது. அதனால ஒவ்வொரு மாற்றமும் சூதாட்டம் மாதிரி. ஹாப்கின்ஸ் பெரிய பேர் எல்லாம் இல்லை. வந்தார், 4 கோல் போட்டார். மூணாவது குவார்ட்டர் முடியும்போது வித்தியாசம் 17-ஆ சுருங்கிடுச்சு. கடைசியில கார்ல்டன் 111, காலிங்வுட் 101.

நவீன ஃபுட்டி இந்த ரெண்டாவது பாதியிலதான் பிறந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு. கொஞ்சம் மிகைதான். ஹேண்ட்பாலை அதுக்கு முன்னாடியும் சிலர் நல்லாவே பயன்படுத்தியிருக்காங்க. ஆனா ஒன்றேகால் லட்சம் பேர் முன்னாடி அது வேலை செய்யும்னு காட்டினது அன்னிக்குத்தான்.

நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்கு ஒரு போனஸ். அந்த டெட் ஹாப்கின்ஸ் சீக்கிரமே ஆட்டத்தை விட்டுட்டார். 1990-கள்ல சாம்பியன் டேட்டாங்கிற கம்பெனியைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தர் அவர். இன்னிக்கு ஏஎஃப்எல்-ல ஒவ்வொரு கிக், ஒவ்வொரு ஹேண்ட்பாலையும் எண்ணி டேட்டாவா கொடுக்கிற கம்பெனி அதுதான்.

கடைசி இடத்துல இருந்த டீம்

1971-ஓட கார்ல்டனை விட்டார். 1973-ல நார்த் மெல்பர்ன். அந்த கிளப் 1925-ல லீக்ல சேர்ந்து ஒரு கோப்பை கூட வாங்கினதில்லை. 1972-ல சீசன் முழுக்க ஒரே ஒரு வெற்றி.

இங்க ஒரு விதி உதவுச்சு. அது வரைக்கும் கிளப் விடாம வீரர் வெளிய போக முடியாது. கொஞ்ச காலம் மட்டும், ஒரே கிளப்ல பத்து வருஷம் ஆடினவங்க விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம்னு ஒரு விதி வந்துச்சு. நார்த் மெல்பர்ன் நிர்வாகம் உடனே எசன்டன்லேர்ந்து பேரி டேவிஸ், ஜீலாங்லேர்ந்து டக் வேட், சவுத் மெல்பர்ன்லேர்ந்து ஜான் ரான்டல் மூணு பேரையும் தூக்கிடுச்சு. 1974-ல வேட் நூறு கோலுக்கு மேல அடிச்சார்.

1974-லேர்ந்து 78 வரைக்கும் அஞ்சு வருஷமும் நார்த் மெல்பர்ன் கிராண்ட் ஃபைனல்ல இருந்துச்சு. 1975-ல ஹாதார்னை 55 பாயின்ட்ல தோற்கடிச்சு கிளப்போட முதல் கோப்பை. 1977-ல காலிங்வுட்டோட இன்னொரு வினோதம்: மூணாவது குவார்ட்டர் முடிவுல 27 பாயின்ட் பின்னாடி. பராசி தன்னோட ஃபுல்-பேக் டேவிட் டென்ச்சைத் தூக்கி எதிர் முனையில ஃபுல்-ஃபார்வர்டா போட்டார். நம்ம பாஷையில, விக்கெட் கீப்பர் கிட்ட பந்தைக் கொடுத்து ஓவர் போடச் சொல்ற மாதிரி. மேட்ச் 76-76னு டை. அடுத்த வாரம் திரும்ப ஆடி, 27 பாயின்ட்ல ஜெயிச்சாங்க.

கோச்சா இதோட நாலு கோப்பை. ஆடினதையும் சேர்த்தா பத்து.

கத்தினதாலதான் ஜெயிச்சாரா?

பராசியைப் பத்தி யார் பேசினாலும் அவர் கத்தறதைப் பத்திப் பேசுவாங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல, எல்லார் முன்னாடியும், முகத்துக்கு நேரா. பெரிய வீரர்கள் கூடத் தப்பிக்கலை. அந்த வீடியோக்களைப் பார்த்துட்டு, "லீடர்னா இப்படித்தான் இருக்கணும்"னு சிலர் ஷேர் பண்றாங்க.

இதை ஒரு இன்ஜினியர் மாதிரி யோசிப்போம். ஒரே கோடு, மூணு சர்வர்ல ஓடுது. ரெண்டுல நல்ல ரிசல்ட், மூணாவதுல ஃபெயில். அப்போ ரிசல்ட்டுக்குக் காரணம் அந்தக் கோடு மட்டும்னு சொல்ல முடியுமா? கார்ல்டன்லயும் நார்த் மெல்பர்ன்லயும் கத்தினார், கோப்பை வந்துச்சு. 1981-ல மெல்பர்னுக்குத் திரும்பினார், அதே மனுஷன், அதே குரல். முதல் வருஷம் ஒரே ஒரு வெற்றி. அஞ்சு வருஷத்துல ஒரு தடவை கூட ஃபைனல்ஸ் இல்லை.

வித்தியாசம் எங்க? ஜெயிச்ச இடத்துல சரியான ஆட்களை எடுத்துக் கொடுத்த நிர்வாகம் இருந்துச்சு. யாரும் யோசிக்காத ஆட்ட முறை இருந்துச்சு. தோக்கிற நேரத்துல பயப்படாம ஒரு ஆளை மாத்திப் போடற தைரியம் இருந்துச்சு. கத்தறது ஈஸியா காப்பி அடிக்கலாம். மத்த மூணையும் காப்பி அடிக்கிறது கஷ்டம். அதனாலதான் எல்லாரும் முதல்ல கத்தறதைக் கத்துக்கிறாங்கன்னு எனக்குத் தோணுது.

வீடு திரும்பல்

மெல்பர்ன்ல அந்த அஞ்சு வருஷத்தை ஸ்கோர்கார்டு வெச்சுப் பார்த்தா தோல்விதான். தன்னை வளர்த்த வீட்டுக்கு அவரால ஒரு கோப்பை கொண்டு வர முடியலை. ஆனா அந்தக் காலத்துல இன்னொரு வேலை நடந்துச்சு. அயர்லாந்துல கேலிக் ஃபுட்பால்னு ஒரு ஆட்டம் இருக்கு. உருண்டைப் பந்து, ஆனா பிடிக்கிறது உதைக்கிறதெல்லாம் கொஞ்சம் ஃபுட்டி மாதிரி. அங்கேர்ந்து பசங்களைக் கொண்டு வந்து பழக்கலாம்னு பராசியும் கிளப்பும் முயற்சி பண்ணினாங்க. பலர் சிரிச்சாங்க.

அப்படி 1984-ல டப்ளின்லேர்ந்து வந்தவர் ஜிம் ஸ்டைன்ஸ். அவருக்கு அப்போ 18 வயசு. பராசி போன பிறகுதான் அவர் பெரிய வீரர் ஆனார். 1991-ல லீக்கோட சிறந்த வீரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினார். தொடர்ச்சியா 244 மேட்ச் ஆடினார், அந்த ரெக்கார்டு இன்னும் இருக்கு. 2008-ல மெல்பர்ன் கிளப் கடன்ல மூழ்கி, இருக்குமா போகுமான்னு இருந்தப்போ, தலைவர் பொறுப்பை ஏத்துக்கிட்டார். சுமார் 50 லட்சம் டாலர் கடனை அடைச்சார். நடுவுல அவருக்குக் கேன்சர். சிகிச்சையும் கிளப் வேலையும் சேர்ந்தே ஓடுச்சு. 2012-ல, 45 வயசுல இறந்துட்டார்.

பராசி தன் வீட்டுக்குப் பட்ட கடனை, அவர் கூட்டிட்டு வந்த பையன் நிஜமாவே பணமா அடைச்சார். யாரும் பிளான் பண்ணி நடந்ததில்லை. ஆனா நடந்துச்சு.

கோட்டைத் தாண்டி

ஆஸ்திரேலியா விளையாட்டுல ரெண்டா பிரிஞ்ச நாடு. மெல்பர்ன் பக்கம் ஃபுட்டி, சிட்னி, பிரிஸ்பேன் பக்கம் ரக்பி. இதைப் பிரிக்கிற கற்பனைக் கோட்டுக்கு 1978-ல இயன் டர்னர்ங்கிற வரலாற்றுப் பேராசிரியர் வெச்ச பேர் "பராசி கோடு". அந்த உரைக்கு அவர் கிண்டலா "ரான் பராசி நினைவுச் சொற்பொழிவு"ன்னு பேர் வெச்சார். பராசி அப்போ உயிரோட நல்லா இருக்கார்!

1993-ல பராசி தானே அந்தக் கோட்டைத் தாண்டினார். சிட்னி ஸ்வான்ஸ் அப்போ தோல்வி மேல தோல்வி, கிளப்பையே மூடிடலாமான்னு பேச்சு. அவர் வந்த சீசன்ல மொத்தமே ஒரு வெற்றி. 57 வயசுல, பத்து கோப்பை பார்த்த மனுஷனுக்கு இது தேவையே இல்லை. ஆனா அவர் சிட்னியில இருக்கார்ங்கிறதே செய்தி ஆச்சு. 1995-ல டோனி லாக்கெட் மாதிரி ஒரு ஸ்டார் வந்தார், கேப்டன் பால் கெல்லி பிரவுன்லோ மெடல் ஜெயிச்சார். அந்த வருஷக் கடைசியில பராசி பொறுப்பை ரோட்னி ஈட் கிட்ட கொடுத்துட்டுப் போனார். 1996-லயே சிட்னி கிராண்ட் ஃபைனல். தோத்தது யார் கிட்டன்னு நினைக்கிறீங்க? நார்த் மெல்பர்ன்.

அதுக்கப்புறம் அவர் ஃபுட்டியோட பெரியவர். எம்சிஜி வாசல்ல சிலை. 2006 காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவுல, யாரா ஆத்துக்குள்ள போட்ட மேடை மேல, தண்ணியில நடக்கிற மாதிரியே பேட்டனை எடுத்துட்டுப் போனார். 2008 கடைசி ராத்திரி, மெல்பர்ன் தெருவுல ஒரு பெண்ணை ஒருத்தன் அடிக்கிறதைப் பார்த்துத் தடுக்கப் போய், தானே அடி வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 72.

2021-ல மெல்பர்ன் கோப்பை ஜெயிச்சுது. கோவிட் காரணமா கிராண்ட் ஃபைனல் பெர்த்ல நடந்துச்சு. 1964-க்கு அப்புறம் முதல் தடவை, 57 வருஷம் கழிச்சு. பராசி அதை உயிரோட இருந்து பார்த்தார். 2023 செப்டம்பர்ல, 87 வயசுல இறந்தார். எம்சிஜி-லயே அரசு மரியாதையோட நினைவு நிகழ்ச்சி நடந்துச்சு.

சரி, போகலாமா?

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். பராசி போனதால மெல்பர்னுக்கு வலிச்சுது, அது உண்மை. அவர் போகலைன்னா கார்ல்டனோட அந்த ரெண்டாவது பாதி இல்லை, நார்த் மெல்பர்னோட முதல் கோப்பை அப்போ வந்திருக்குமான்னு தெரியாது, அதுவும் உண்மை.

நான் எடுத்துக்கிறது இதுதான். வளர்த்தவங்களுக்குப் பட்ட கடனை, அங்கேயே உட்கார்ந்துதான் அடைக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா கடனே இல்லைன்னு சொல்லிட்டுப் போறதும் சரியில்லை. பராசி 17 வருஷம் கழிச்சு, டீம் ரொம்ப மோசமா இருந்த நேரத்துல திரும்பி வந்தார். தன் பேர் கெடும்னு தெரிஞ்சே வந்தார், கெடவும் செஞ்சுது.

அதே சமயம் உங்க மேனேஜர் "குடும்பம்"னு சொன்னா, ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க: இவர் எனக்காக எந்த விதியை மாத்த வெச்சார்? எந்த ரோலை உருவாக்கினார்? பதில் இருந்தா, போகும்போது மரியாதையா உட்கார்ந்து பேசிட்டுப் போங்க. இல்லைன்னா, நோட்டீஸ் பீரியடை ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தாலே போதும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லைங்கிறவங்க, 1970 கிராண்ட் ஃபைனலோட ரெண்டாவது பாதியிலேர்ந்து ஆரம்பிங்க. படம் கொஞ்சம் மங்கலா இருக்கும், ஆனா எந்த நேரத்துல மேட்ச் திரும்புதுன்னு விதி தெரியாதவங்களுக்கும் புரியும். முதல் பாதியில காலிங்வுட் ஆள் முதுகு மேல ஏறி கார்ல்டனோட அலெக்ஸ் ஜெசலென்கோ பிடிச்ச ஒரு மார்க் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க.

நீங்க வளர்ந்த இடத்தை விட்டு வந்த கதை இருந்தா எழுதி அனுப்புங்க, கம்பெனி பேர் இல்லாம படிக்கிறேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.